காத்தாடியும் சோலாரும் ஊருக்குள் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பத்திர எழுத்தரிடம் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அப்போது மேசைக்கு வந்த கரிசல் நிலப் பத்திரங்களில் கணிசமானவை காற்றாலைக்கும் (எங்கள் பேச்சில் காத்தாடி) சோலாருக்கும் போனவை. கையெழுத்துப் போட வந்தவர்கள் கேட்ட சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் கேட்டார்கள். இப்போது போனில் கேட்கிறார்கள், கிராம சபையில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை என்பதால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதிப் பதிலும் எழுதிவிட்டேன். நான் வக்கீல் இல்லை. பத்திரத்தில் கை வைக்கும் முன் ஒரு வக்கீலையும் பாருங்கள்.

1. காத்தாடி எங்க ஊர்ல சுத்துது. அப்ப எங்களுக்கு ஏன் கரண்ட் இலவசமா வரல?

காத்தாடியில் பிறக்கும் மின்சாரம் உங்கள் தெருக் கம்பத்துக்கு வருவதில்லை. அது உயரழுத்தக் கம்பியில் துணை மின்நிலையத்துக்குப் போய், மாநிலம் முழுக்க ஓடும் பொது வலையில் கலந்துவிடுகிறது. உங்கள் வீட்டுக்கு வருவது அந்த வலையிலிருந்து மின்வாரியம் தரும் கரண்ட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது மாநிலம் முழுமைக்கும் உள்ளது. காத்தாடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

முப்பந்தல், கயத்தாறு பக்கம் நிற்கும் காத்தாடிகள் பலவற்றுக்குச் சொந்தக்காரர்கள் நூல் மில்காரர்கள். இங்கே உற்பத்தியாகும் யூனிட்டுகள் அவர்களுடைய மில் பில்லில் கழிக்கப்படுகின்றன. அதாவது உங்கள் ஊர்க் காற்று எங்கோ ஓர் ஊர் மில்லின் கரண்ட் பில்லைக் குறைக்கிறது. மீதிப் பேர் மின்வாரியத்துக்கோ வேறு நிறுவனங்களுக்கோ ஒப்பந்த விலையில் விற்கிறார்கள். ஆகவே கரண்டைக் கேட்டுப் பயனில்லை. அதில் வரும் காசில் ஊருக்கு ஒரு பங்கு கேட்கலாம். அதைப் பற்றித்தான் கீழே நிறைய எழுதியிருக்கிறேன்.

2. ஊருக்கு ஏதாவது குடுத்தே ஆகணும்னு சட்டம் எதுவும் இருக்கா?

நீர்மின் திட்டங்களுக்கு இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் தேசிய நீர்மின் கொள்கைப்படி அணை அமையும் மாநிலத்துக்கு 12 சதவீத மின்சாரம் இலவசம். அதோடு வட்டார வளர்ச்சி நிதிக்கென்று இன்னொரு 1 சதவீதம். பாதிக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொன்றுக்கும் மாதம் 100 யூனிட் அல்லது அதற்கான பணம், பத்து வருடத்துக்கு. காற்றுக்கும் வெயிலுக்கும் இப்படி ஒரு தேசிய விதி இல்லை.

இன்னொன்றும் இல்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலையும் சோலார் பேனல் நிலையமும் கிடையாது. அதனால் கல்குவாரிக்கோ அனல்மின் நிலையத்துக்கோ நடப்பதுபோல் கலெக்டர் வந்து மக்கள் கருத்துக் கேட்பது இங்கே கட்டாயமில்லை. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் சமூகத் தாக்க ஆய்வு உண்டுதான். ஆனால் அது அரசு நிலத்தை எடுக்கும்போது வரும் விஷயம். கம்பெனி நேரில் வந்து உங்களிடம் கிரயம் பேசினால் அது இரண்டு பேருக்கு இடையிலான வியாபாரம், அவ்வளவுதான். சட்டம் எழுதாததை நீங்கள்தான் பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டும்.

3. சிஎஸ்ஆர் பணம் வரும்னு மேனேஜர் சொன்னாரே?

வரலாம். எவ்வளவு என்று கேட்டீர்களா? கம்பெனிச் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவு, கடன் போக நிகரச் சொத்து மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இவற்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தன் வேலை நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. இந்த ஊருக்கே என்று சொல்லவில்லை.

லாபம் என்ற சொல்லைக் கவனியுங்கள். பெரிய குழுமங்கள் ஒவ்வொரு சோலார் நிலையத்துக்கும் தனித்தனியாக ஒரு சின்னக் கம்பெனி பதிவு செய்வது வழக்கம். முதல் சில வருடங்களில் வட்டியும் தேய்மானமும் அந்தச் சின்னக் கம்பெனியின் லாபத்தைத் தின்றுவிடும். பூஜ்யத்தில் 2 சதவீதம் பூஜ்யம்தான். சிஎஸ்ஆர் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதை நம்பி நிலத்தைக் கொடுக்காதீர்கள்.

4. நிலத்தை வித்துடறது நல்லதா, குத்தகைக்கு விடறது நல்லதா?

எங்கள் பக்கம் பெரும்பாலும் விற்றுவிட்டார்கள். மானாவாரி நிலம், மழை இல்லை, பையன் திருப்பூரில் வேலை பார்க்கிறான், புரோக்கர் சொன்ன விலை அப்போது பெரிதாகத் தெரிந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் புரோக்கர் பெயருக்குப் 'பவர்' (நிலத்தை விற்கும் அதிகாரம்) எழுதிக் கொடுத்தவர்கள், அதே நிலம் கம்பெனிக்கு எந்த விலைக்குப் போனது என்று பிறகு தெரிந்துகொண்டு என் மேசை முன்னால் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

குத்தகைக்குப் பெரிய உதாரணம் கர்நாடகத்தில் துமகூரு மாவட்டம் பாவகடா. அடிக்கடி வறட்சி வாட்டும் தாலுகா. அங்கே ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சோலார் பூங்கா இருக்கிறது. நிலத்தை வாங்கவில்லை, விவசாயிகளிடமிருந்து 28 வருடக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீத ஏற்றம். நிலம் குடும்பத்தின் பெயரிலேயே இருக்கிறது, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பணம் வருகிறது. கடலை போட்டு நஷ்டப்பட்டவருக்கு இது சின்ன விஷயமா?

ஆனாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு 5 சதவீதம் என்றால் பத்து வருடம் கழித்து 21,000 சுமார் 26,800 ஆகும். விலைவாசி வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால், அதே மதிப்பு நிற்க அப்போது 34,200 வேண்டும். பத்து வருடத்திலேயே இவ்வளவு இடைவெளி என்றால் இருபத்தெட்டில் என்ன ஆகும்? குத்தகை பேசும்போது எல்லோரும் முதல் வருடத் தொகைக்குத்தான் மல்லுக்கட்டுகிறார்கள். ஏற்றம் எத்தனை சதவீதம் என்ற வரிக்குத்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

5. எனக்கு நிலமே இல்ல. எனக்கு என்ன கிடைக்கும்?

இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி இதுதான், இதைக் கேட்பவர்களும் குறைவு. நிலம் உள்ளவர்தானே கம்பெனியிடம் பேசப் போகிறார்.

பாவகடாவில் குத்தகைப் பணம் பட்டாதாரருக்குப் போனது. அந்த நிலத்தில் களை எடுத்தவர், கடலை பறித்தவர், ஆடு மேய்த்தவர் யாருக்கும் பட்டா இல்லை, ஆகவே பணமும் இல்லை. வேலியும் போட்டாயிற்று, மேய்ச்சலும் போயிற்று. எங்கள் பக்கமும் இதே கதைதான். அறுவடை முடிந்த கரிசலில் கிடை போட்டுப் பிழைக்கும் கீதாரிக்கு வேலி போட்ட நிலம் இல்லாமல் போன நிலம். ராமநாதபுரம் மாவட்டத்தில் 'தரிசு' என்று எழுதப்படும் நிலத்தில் சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்கும் குடும்பங்கள் எத்தனை! சீமைக்கருவேலத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் யாருக்கும் பயன்படாத நிலம் என்று ஒன்று கிடையாது. பயன்படுத்துகிறவர் பெயர் அடங்கல் என்ற ஊர் நிலக் கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

என்ன கேட்கலாம்? கம்பெனி பேச வருவதற்கு முன்பே ஊரில் ஒரு பட்டியல் எடுங்கள். எத்தனை ஆடு, எந்த மாதம் எந்தப் பக்கம் மேயும், கூலி வேலையை நம்பி எத்தனை வீடு, கரி வெட்டுபவர் யார் என்று. அந்தப் பட்டியலை வைத்து மூன்று விஷயம் பேசலாம். ஊர்த் தொகையில் நிலமற்ற வீடுகளுக்குத் தனிப் பங்கு (10-ஆவது கேள்வி பாருங்கள்). வேலையில் அவர்களுக்கு முதலிடம். மூன்றாவது, பேனலுக்கு அடியில் ஆடு மேய அனுமதி. இது வேடிக்கையான கோரிக்கை இல்லை. வெளிநாடுகளில் புல்லைக் கட்டுப்படுத்தக் கம்பெனியே காசு கொடுத்துச் செம்மறியைக் கூட்டி வருகிறது. வெள்ளாட்டை விடமாட்டார்கள், அது பேனல் மேல் ஏறும், ஒயரைக் கடிக்கும்.

6. வேலை குடுப்பாங்களாமே?

கட்டும்போது நிறைய, முடிந்ததும் கொஞ்சம். கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016-இல் வந்தது, சுமார் 2,500 ஏக்கர். எட்டு மாதத்தில் 8,500 பேர் வேலை செய்து முடித்தார்கள் என்பது அப்போது பெரிய செய்தி. கட்டி முடித்த பிறகு அவ்வளவு பெரிய நிலையத்துக்குக்கூட அதில் சிறு பகுதி ஆட்கள் போதும். பேனல் துடைப்பதற்கே அங்கே ரோபோ இருக்கிறது. காத்தாடிக்கு இன்னும் குறைவு. உள்ளூர்க்காரருக்குக் கிடைப்பது பெரும்பாலும் செக்யூரிட்டி, புல் வெட்டுதல், டிரைவர், சில இடங்களில் பேனல் கழுவுதல். ஐடிஐ எலக்ட்ரீசியன் படித்த பிள்ளைகள் இருந்தால் டெக்னீசியன் வேலைக்கு வாய்ப்புண்டு.

'உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை' என்று மட்டும் எழுதினால் அதற்குப் பொருள் ஒன்றும் இல்லை. எந்தெந்த ஊர் உள்ளூர், எத்தனை இடம், கட்டுமானத்துக்கா பராமரிப்புக்கா, காண்டிராக்டர் மாறினாலும் அந்த ஆட்கள் தொடர்வார்களா, இதெல்லாம் வேண்டும். கடைசியாகச் சொன்னதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். செக்யூரிட்டி ஏஜென்சி மாறியதும் பழைய ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

7. காத்தாடி மேகத்தைக் கலைச்சு மழையை விரட்டிடுதுன்னு சொல்றாங்களே?

இல்லை. காத்தாடியின் இறக்கை நுனி தரையிலிருந்து நூறு, இருநூறு மீட்டர் உயரம்தான். மழை மேகம் அதற்கு மேலே கிலோமீட்டர் கணக்கில் வளர்ந்து நிற்பது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு கணவாய்களில் காற்று பலமாக வீசுவதால் அங்கே காத்தாடி வைத்தார்கள். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கமே வாங்கிக்கொள்வதால் மலைக்குக் கிழக்கே அது வறண்ட காற்றாக வருகிறது. காத்தாடி வருவதற்கு முன் நம் தாத்தா காலத்திலும் ஆடி மாதம் அப்படித்தான் அடித்தது.

8. அப்ப சோலார் பக்கத்துல சூடு கூடுமா?

பேனல் வயலுக்கு உள்ளே கொஞ்சம் கூடும். அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் அளந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பக்கத்து வெறும் நிலத்தைவிட இரவில் 3 முதல் 4 டிகிரி வரை அதிகம் இருந்தது. வேலியைத் தாண்டி விலக விலக அது குறைந்துவிடும். வீட்டை ஒட்டிப் பேனல் வைக்காமல் நடுவே மரம் வைக்க இடம் விடச் சொல்வது நியாயமான கோரிக்கை.

9. சத்தம் ராத்திரி தூங்க விடல. எவ்வளவு தள்ளி வைக்கணும்?

காத்தாடியைக் குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்று மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. எங்கள் பக்கத்தில் அதற்கு முன்பே வந்தவை ஏராளம், அவை அந்தத் தூரத்தில் இல்லை. சத்தத்தோடு இன்னொரு தொல்லையும் உண்டு. காலையிலும் சாயங்காலத்திலும் இறக்கையின் நிழல் ஜன்னலில் விட்டுவிட்டு விழும். எந்த மாதம், எத்தனை மணிக்கு என்று குறித்து வைத்துப் புகார் எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். 'ரொம்பத் தொந்தரவு' என்று எழுதினால் பதிலே வராது.

10. ஊருக்குன்னு வருஷா வருஷம் ஒரு தொகை கேட்க முடியுமா? எவ்வளவு கேட்கறது?

முடியும். உலகத்தில் பல இடங்களில் வாங்குகிறார்கள். ஸ்காட்லாந்தில் தரைக் காற்றாலைகளுக்கு அரசு பரிந்துரைக்கும் அளவு, ஒரு மெகாவாட்டுக்கு வருடம் 5,000 பவுண்ட், அதுவும் விலைவாசியோடு ஏறும்படி. சட்டக் கட்டாயம் இல்லை, ஆனாலும் வழக்கமாகிவிட்டது. தென் ஆப்பிரிக்கா இன்னும் ஒரு படி மேலே. அங்கே அரசு ஏலத்தில் கலந்துகொள்ளும் கம்பெனி, 50 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள மக்களின் மேம்பாட்டுக்குத் தன் வருவாயில் குறைந்தது 1 சதவீதம் தருவதாக ஏலத்திலேயே வாக்குக் கொடுக்க வேண்டும். அதோடு உள்ளூர் மக்கள் பெயரில் குறைந்தது 2.5 சதவீதப் பங்கும் இருக்க வேண்டும்.

அங்கே எழுதியிருப்பது வருவாய், லாபம் இல்லை. 3-ஆவது பதிலில் சொன்ன பூஜ்ய விளையாட்டு இதில் செல்லாது. மீட்டர் ஓடினால் வருவாய் வந்துதான் ஆக வேண்டும்.

நம் ஊருக்குக் கணக்குப் போடுவோம். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு மெகாவாட் சோலார் வருடம் சுமார் 16 லட்சம் யூனிட் தரும். யூனிட் 2.50 ரூபாய் என்று வைத்தால் 40 லட்சம் ரூபாய். அதில் 1 சதவீதம் 40,000. நூறு மெகாவாட் நிலையம் என்றால் வருடம் 40 லட்சம். பல கிராம ஊராட்சிகளுக்கு இது கனவுத் தொகை, கம்பெனிக்கு நூற்றில் ஒன்று. முழுதாகத் தருவார்களா என்பது வேறு. ஆனால் 'ஏதாவது பாத்துச் செய்யுங்க' என்று கேட்பதைவிட 'வருவாயில் ஒரு சதவீதம்' என்று கேட்டால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். நான் பார்த்திருக்கிறேன்.

11. கோயில் கொடைக்கு 50,000 குடுத்தாங்க, ஸ்கூலுக்கு பெஞ்சு குடுத்தாங்க. இன்னும் கேட்டா பேராசைன்னு சொல்ல மாட்டாங்களா?

கொடைக்குக் கொடுத்தது அம்மனுக்கு. நல்லது, அவள் வைத்துக்கொள்ளட்டும். மேலே உள்ள கணக்கில் 50,000 என்பது ஒரே ஒரு மெகாவாட்டின் பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பெஞ்சும் குடையும் மருத்துவ முகாமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவை அடுத்த வருடம் வருமா வராதா என்பது அந்த மேனேஜர் டிரான்ஸ்பர் ஆவதைப் பொறுத்தது. கேட்பது பேராசை என்று சொல்பவர் ஊருக்குள் ஒருவராவது இருப்பார். அவர் வண்டிக்கு யார் டீசல் போடுகிறார்கள் என்று பாருங்கள்.

12. பணம் வந்தா பிரசிடெண்ட் கையிலதானே போகும்?

அந்தப் பயம் நியாயமானது. பணத்தை ஊராட்சிக் கணக்கில் போடலாம், அல்லது தனி அறக்கட்டளை பதிவு செய்யலாம். ஊராட்சிக் கணக்கு என்றால் தணிக்கை உண்டு, கிராம சபையில் வரவு செலவு வாசிக்க வேண்டும். அறக்கட்டளை என்றால் யார் உறுப்பினர் என்பதில்தான் எல்லாமே. நிலம் உள்ள நாலு பேரும் ஒப்பந்தக்காரரும் உட்கார்ந்தால் 5-ஆவது கேள்வி கேட்டவருக்கு ஒன்றும் மிஞ்சாது. தெருவுக்கு ஒருவர், பாதிப் பேர் பெண்கள், நிலமற்றவர் இத்தனை பேர் என்று பதிவுப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். எனக்கு ஊராட்சிக் கணக்கில்தான் நம்பிக்கை. பிரசிடெண்ட் சரியில்லை என்றால் ஐந்து வருடத்தில் மாற்றிவிடலாம், அறங்காவலரை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

13. ஓடையை அடைச்சு வேலி போட்டுட்டாங்க. கண்மாய்க்குத் தண்ணி வரல.

ஓடை, வண்டிப்பாதை, மேய்க்கால் புறம்போக்கு, கண்மாய் வரத்துக்கால் எதுவும் கம்பெனி வாங்கிய நிலத்தோடு சேராது. இரண்டு பக்கமும் வாங்கிவிட்டோம் என்பதால் நடுவே ஓடும் ஓடை அவர்களுடையது ஆகிவிடாது. கிராம வரைபடத்தையும் புல எண்ணையும் வைத்துத் தாசில்தாரிடம் எழுத்தில் கொடுத்து, சர்வேயர் அளந்து கல் நடச் சொல்லுங்கள். பேனல் போடும் முன்பு என்றால் ஒரு வாரம், போட்ட பின்பு என்றால் வருடக்கணக்கு. என்னைக் கேட்டால், ஊருக்கு வரும் எந்தத் தொகையைவிடவும் இது முக்கியம். கண்மாய் நிறைந்தால் அதை நம்பித்தான் மீதி ஊர் பிழைக்கிறது.

14. கம்பெனி எதுக்கு? ஊரே சேர்ந்து ஒரு காத்தாடி போட முடியாதா?

போட்டிருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி. சண்முகம் தலைவராக இருந்த காலத்தில் ஊராட்சியின் கரண்ட் பில் ஏறிக்கொண்டே போனது. முதலில் 9 கிலோவாட்டில் மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் கருவி வைத்துக் குடிநீர் மோட்டாரை ஓட்டினார்கள். பிறகு 2006-இல் 350 கிலோவாட் காத்தாடி ஒன்றைச் சுமார் 1.55 கோடி ரூபாயில் வாங்கினார்கள். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி வங்கிக் கடன். வருடம் சுமார் 6.75 லட்சம் யூனிட் வந்தது, ஊருக்குத் தேவை சுமார் 4.5 லட்சம், மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்தக் காத்தாடி ஓடந்துறையில் இல்லை. காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிற்கிறது. மில்காரர் செய்வதைத்தான் (1-ஆவது பதில்) ஓர் ஊராட்சி செய்தது.

வெளியே பார்த்தால் ஸ்காட்லாந்தில் கிகா என்ற சின்னத் தீவு. நூறு பேர்கூட இல்லாத அந்த ஊர் 2002-இல் தீவையே ஜமீன் கையிலிருந்து வாங்கி, பிறகு பழைய காத்தாடிகள் மூன்றை வாங்கி நட்டு, வந்த பணத்தில் இடிந்த வீடுகளைச் சரிசெய்தது. புதுக் காத்தாடிக்குக் காத்திருக்கவில்லை பாருங்கள். டென்மார்க்கில் கோபன்ஹேகன் கடலோரம் 2000-இல் வந்த 20 காத்தாடிகளில் பாதி, ஆயிரக்கணக்கான சாதாரணக் குடும்பங்கள் பங்கு போட்ட கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம்.

15. ஓடந்துறை மாதிரி இப்ப செய்ய முடியுமா? அது 2006 கதை.

அதே மாதிரி முடியாது. விலை, விதிமுறை எல்லாம் மாறிவிட்டது, ஊராட்சிகளுக்குக் கடன் வாங்குவதும் எளிதில்லை. இப்போது சின்ன அளவில் சோலார்தான் வழி. குஜராத்தில் கேடா மாவட்டம் துண்டி கிராமத்தில் 2016-இல் ஆறு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் வைத்து, சோலார் பம்பில் தண்ணீர் இறைத்தது போக மீதி மின்சாரத்தை விற்றார்கள். விற்கலாம் என்று வந்ததும் தண்ணீரை வீணாக இறைப்பதற்கும் ஒரு கடிவாளம் வந்தது. மத்திய அரசின் பிஎம் குசும் திட்டத்தில் துணை மின்நிலையத்துக்குப் பக்கத்தில் விவசாயியோ கூட்டுறவோ ஊராட்சியோ 2 மெகாவாட் வரை சோலார் வைத்து விற்க வழி இருக்கிறது. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும்.

தமிழ்நாட்டில் பம்புசெட் கரண்ட் இலவசம் என்பதால் இங்கே துண்டி கணக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்கள் உண்டு. கரண்ட் பில்லில் விவசாயிக்கு மிச்சமாகப் போவது ஏதும் இல்லை, விற்பனையில்தான் வருமானம். அதனால் விற்பனை விலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

16. எங்க நிலத்துல பேனல் இல்ல, ஆனா டவர் லைன் மட்டும் போகுது. நஷ்டஈடு உண்டா?

உண்டு. உயரழுத்த லைன்களுக்கு மத்திய மின் அமைச்சகத்தின் பழைய வழிகாட்டுதல் (2015), டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பட்டைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்றது. 2024 ஜூனில் அதை முறையே 200, 30 சதவீதமாக உயர்த்தினார்கள். மாநிலம் அதை எந்த அளவுக்கு ஏற்றிருக்கிறது என்று கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். பயிர், மர நஷ்டம் இதில் சேராது, தனி. லைன் போடுகிறவர் கொண்டுவரும் வெள்ளைத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

17. இது நல்ல திட்டம்தானே, புகை இல்ல, நிலக்கரி இல்ல. எதிர்த்தா நாங்கதானே கெட்டவங்க?

நல்ல திட்டம்தான், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். என் வீட்டு மாடியிலும் பேனல் இருக்கிறது. ஆனால் மின்சாரம் பசுமையாக இருப்பதால் ஒப்பந்தமும் பசுமையாகிவிடாது. கென்யாவில் துர்கானா ஏரிப் பக்கம் 365 காத்தாடி, 310 மெகாவாட், 2019-இல் திறந்தார்கள். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ரோடு போட்டுக் கொடுத்தார்கள், அந்தப் பாலைவனத்துக்கு அது பெரிய வரம். ஆனால் மேய்ச்சல்காரர்களின் நிலத்துக்குப் பட்டா கொடுத்த முறையே தப்பு என்று 2021-இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ரோடு நல்ல ரோடுதான், பட்டாதான் தப்பு.

இலங்கையின் மன்னார்த் தீவைப் பாருங்கள். 2020 டிசம்பரில் 30 காத்தாடிகளோடு 103.5 மெகாவாட் நிலையம் வந்தது. அதற்கு மேல் இன்னும் வரப்போகிறது என்றதும் வெள்ளநீர் வடியாமல் தேங்குகிறது, மீன்பிடி பாதிக்கிறது, வலசை வரும் பறவைகளுக்கு ஆபத்து என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் காற்று மின்சாரத்தின் எதிரிகள் இல்லை. சின்னத் தீவில் எத்தனை வைப்பீர்கள், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை முதல் காத்தாடிக்கு முன்பே உட்கார்ந்து பேசியிருந்தால் கம்பெனிக்கும் காலம் மிச்சமாகியிருக்கும்.

18. கிராம சபைல தீர்மானம் போட்டா கம்பெனி கட்டுப்படுமா?

தனியார் நிலத்தைத் தனியார் வாங்குவதைத் தீர்மானம் தடுக்காது. ஆனால் கம்பெனிக்கு ஊராட்சியிடம் ஆக வேண்டிய காரியங்கள் உண்டு. அறுபது எழுபது மீட்டர் இறக்கையை ஏற்றி வரும் டிரெய்லர் உங்கள் ஊராட்சி ரோட்டில்தான் திரும்ப வேண்டும், அலுவலகக் கட்டடத்துக்கு அனுமதி வேண்டும், பொதுப் பாதையின் ஓரம் கேபிள் பதிக்க வேண்டும். பேரத்துக்கு இதுதான் உங்கள் கைமுதல். தமிழ்நாட்டில் வருடம் ஆறு கிராம சபை நடக்கிறது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஓடையைத் தொடமாட்டோம், ரோட்டைச் சரிசெய்து தருவோம், இத்தனை சதவீதம் தருவோம் என்று கம்பெனி எழுதித் தந்த கடிதத்தைச் சபையில் வாசித்துப் பதிவேட்டில் ஒட்டிவிடுங்கள். வாயால் சொன்னதை எழுதச் சொன்னால் பாதி வாக்குறுதி அங்கேயே கழன்றுவிடும். மீதிப் பாதிதான் உங்களுக்கு உண்மையில் வரப்போவது.

19. பேசினது ஒரு கம்பெனி, இப்ப வேற கம்பெனி போர்டு தொங்குது. பழைய பேச்சு செல்லுமா?

பேச்சு செல்லாது, பதிவு செய்த பத்திரம் செல்லும். இந்தத் தொழிலில் நிலையங்கள் கை மாறுவது சகஜம். ஒருவர் கட்டுவார், இன்னொருவர் வாங்குவார். 'நிறுவனமும் அதன் உரிமை மாற்றம் பெறுவோரும்' என்ற சொற்கள் இல்லாமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும், வெறும் முத்திரைத்தாள் போதாது. ஊர்த் தொகை பற்றிய உறுதியையும் குத்தகைப் பத்திரத்திலேயே ஒரு பிரிவாகச் சேர்த்துவிட்டால் புதிதாக வருபவருக்கும் அது தலைமேல் இருக்கும்.

20. நாங்க முப்பது வருஷம் முன்னாடியே நிலத்தைக் குடுத்துட்டோம். இனி கேட்க என்ன இருக்கு?

இருக்கிறது, அதுவும் இப்போதே. தமிழ்நாட்டில் முதல் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் வந்தது. தொண்ணூறுகளில் நட்ட சின்னக் காத்தாடிகளுக்கு இப்போது ஆயுள் முடிகிறது. அவற்றை எடுத்துவிட்டுப் பெரிதாக வைக்க 2024-இல் தமிழக அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. பழையது மூன்று நாலு இருந்த இடத்தில் புதிது ஒன்று வரும். அதற்குப் புது இறக்கை, புது டிரெய்லர், அகலமான ரோடு, தடிமனான கேபிள் எல்லாம் வேண்டும். அதாவது 18-இல் சொன்ன கைமுதல் உங்களுக்கு மறுபடி கிடைக்கிறது. பழைய காத்தாடியின் கான்கிரீட் அடித்தளத்தை யார் எடுப்பது, பக்கத்துக் காட்டுக்காரரின் வரப்பை மிதித்தால் யார் சரிசெய்வது, 500 மீட்டர் இந்த முறையாவது கடைப்பிடிக்கப்படுமா என்று அப்போது கேட்கலாம்.

21. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு அந்தப் பேனல் எல்லாம் எங்க போகும்?

2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்ந்துவிட்டது. கழிவாகும் பேனலை 2034-35 வரை பாதுகாப்பாகச் சேமித்து வைக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. ஆனால் உங்கள் நிலத்திலிருந்து அதை எடுத்துப் போவது யார், தரையில் அடித்த ஆயிரக்கணக்கான இரும்புக் கால்களைப் பிடுங்குவது யார் என்பது குத்தகைப் பத்திரத்தின் விஷயம். 'நிலத்தை உழுவதற்கு ஏற்ற நிலையில் ஒப்படைக்க வேண்டும், தவறினால் முன்வைப்புத் தொகையிலிருந்து பிடித்துக்கொள்ளப்படும்' என்று இரண்டு வரி போதும். அந்த முன்வைப்புத் தொகையைப் பத்தாவது வருடத்திலிருந்தாவது வங்கியில் போடச் சொல்லுங்கள். கடைசி வருடம் கேட்டால் அந்தச் சின்னக் கம்பெனியின் கணக்கில் ஒன்றும் இருக்காது.